புலமும் பள்ளமும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்குப் போன மீட்டர்கேஜ் ரயிலில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். அப்பாயி பிறந்த வீடு வேதாரண்யத்தில் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அங்கே போய்விடுவோம். ஜன்னலோரம் எனக்கு. மஞ்சள் பலகை கண்ணில் பட்டதும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்க வேண்டும், ரயில் நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும். கரியாப்பட்டினம். குரவப்புலம். நெய்விளக்கு. தோப்புத்துறை. இவற்றில் குரவப்புலம் மட்டும் பல தடவை என்னைத் தோற்கடித்தது.

அப்பாயிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் பலகை வருவதற்கு முன்பே அடுத்த ஊரைச் சொல்லிவிடுவார். வயல் முடிந்து மண் வெளுக்கத் தொடங்கினால் ஓர் ஊர், காற்றில் புகையிலை வாசம் ஏறினால் இன்னோர் ஊர், உவர் வாடை அடித்தால் மூட்டையைத் தூக்கும் நேரம். ஒருமுறை, "நெய்விளக்குன்னா அங்க விளக்கு எரியுமா அப்பாயி?" என்று கேட்டேன். "அந்த ஊரு நெய்யி, வேதாரண்யத்துல எரியிது" என்றார். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று சொல்லிவிட்டு, கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலியின் மூக்கு பட்டுத் திரி தூண்டப்பட்ட கதையையும், அந்த எலி மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்த கதையையும் சொன்னார். ஊர்ப்பெயருக்குள் ஒரு கதை இருக்கும் என்று அன்றைக்கு என் மனதில் விழுந்ததுதான். பின்னாளில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு நான் வந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

1987-இல் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது வேதாரண்யம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைத் தலைப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' இருந்தது. 1946-இல் வெளிவந்த அந்த நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஊர்ப்பெயர்களை அவர் சொல்லும் அழகில் நாமும் அப்படியே சொல்லிவிடலாம் என்ற துணிச்சல் வந்துவிடும். எனக்கும் வந்தது. முதல் மாதத்திலேயே நாற்பது ஐம்பது பெயர்களுக்குப் பொருள் எழுதி நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் முழுவதும் படித்தார். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"பொருள் யார் வேணும்னாலும் சொல்லலாம் தம்பி. இந்தப் பேரு இதுக்கு முன்னால எப்படி இருந்துச்சு? அதைக் கொண்டா."

அவர் எனக்கு வகுத்துக்கொடுத்தது மூன்று பத்திகள். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் முதல் பத்தியில். அந்த நிலத்தில் நேரில் கண்டது இரண்டாவதில். ஊரார் சொல்வது மூன்றாவதில். ஒன்றை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. நெய்விளக்குக்கு நான் எழுதியிருந்த அழகான விளக்கம் முழுவதும் மூன்றாம் பத்திக்குப் போனது. சோழர் காலத்தில் ஒரு நுந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு ஆடு, தொண்ணூற்றாறு ஆடு என்று விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்துகொண்டே வருவதால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. இதையெல்லாம் அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "அதுக்காக உன் ஊரு பேரு அதுலேருந்துதான் வந்துச்சுன்னு எழுதிடாதே" என்றார். அந்த வயதில் எனக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றியது.

அவரோடு நான் முட்டிக்கொண்டது வேதாரண்யம் என்ற பெயரிலேயே.

தேவாரத்தில் அந்த ஊர் திருமறைக்காடு. வேதங்கள் வந்து வழிபட்டுப் பூட்டிவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலத்தின் வரலாறு. மறை வேதமானது, காடு ஆரண்யமானது, திருமறைக்காடு வேதாரண்யமானது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் இதே வழியில்தான். இதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் அந்த 'மறை' முதலில் 'மரை'யாக இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மரை ஒரு மான்வகை. மான் திரிந்த காடு மரைக்காடு. சமயம் வந்து அதை மறைக்காடு ஆக்கிவிட்டது என்பது வாதம். நான் அதைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடிக்காது? ஊருக்குத் தெற்கே கோடியக்காட்டில் வெளிமான்கள் கூட்டமாக மேய்வதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்த மான்களைக் காக்கவே 1967-இல் அங்கே சரணாலயம் அமைந்தது. முறுக்கிய கொம்பும், முதுகில் கருப்பும் வயிற்றில் வெள்ளையுமாக ஒரு கிடா புல்வெளி நடுவில் தலை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தவன், ஊரின் பெயர் மானிலிருந்து வந்தது என்று கேட்டால் உடனே நம்பிவிடுவான்.

நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மரை எங்க இருக்கும்?"

போய்த் தேடினேன். சங்கப் பாட்டில் மரை வரும் இடம் மலைச்சாரல். அங்கே அது நெல்லிக்காய் தின்கிறது. குறுந்தொகையில் மலைச் சீறூரின் முற்றத்தில் வந்து நெல்லி தின்கிறது. கடற்கரைப் புல்வெளியில் நிற்கும் வெளிமானுக்குத் தமிழில் இரலை என்ற நல்ல பெயர் தனியே இருக்கிறது. நான் கண்ணால் பார்த்த மானும் சொல்லில் இருந்த மானும் வேறு வேறு. அதற்காக மரைக்காடு என்பது பொய் என்று முடிவாகிவிடாது. ஆனால் என் சான்று விழுந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பெயரை நாம் நம்ப விரும்புகிறோம் என்பதற்காகவே அது உண்மை போலத் தோன்றும். நாற்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். அந்த இரவைத் தாண்டிப் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேதம் என்று பொருள் கொண்ட பிறகு சுற்றுப்புறமும் வேதம் பேச ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நாலுவேதபதி என்று ஓர் ஊர். ஒரு பெரிய பெயர் தன் நிழலில் சின்னப் பெயர்களை வளர்க்கும். சிலவற்றை விழுங்கவும் செய்யும். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்று நாடு முழுக்கப் படிக்கிறோம். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து, 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பு அள்ளிய இடம் அகஸ்தியன்பள்ளி. அந்தப் பெயர் வெளியூர்க்காரர் வாயில் வருவதே இல்லை.

மூன்று பத்திகளில் முதலாவதை நிரப்ப நில அளவைத் துறை வரைபடங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் அமைந்த, ஊர்ப்பெயர்கள் முழுக்க ஆங்கில எழுத்தில் உள்ள தாள்கள். அழகான தாள்கள். கிணறு, கோயில், பனைமரம் வரைக்கும் குறி உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'ஆர்'தான். நம் ர, ற இரண்டும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். ல, ள இரண்டும் அப்படியே. நான் அந்தத் தாளை வைத்து எழுதிய பட்டியலில் குரவப்புலத்தைக் 'குறவப்புலம்' என்று எழுதிவிட்டேன். சிறுவயதில் எழுத்து எழுத்தாகப் படித்துத் தோற்ற அதே பெயர்! எழுதியதோடு விடாமல், குறவர் வாழ்ந்த புலம் என்று ஒரு பத்தி விளக்கமும் எழுதினேன்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு பெரியவரிடம் அதைப் படித்துக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "சின்ன ரவன்னா தம்பி அது. குரா மரம் தெரியுமா ஒங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. குரவம் என்ற சொல்லைப் பாட்டில் படித்திருக்கிறேன். அதன் அரும்பைப் பாவை என்று புலவர்கள் சொல்வதும் தெரியும். மரத்தைப் பார்த்ததில்லை. ஊருக்குள் அவரோடு சுற்றினேன். ஒரு குரா மரமும் மிச்சமில்லை. நெறியாளர் சொல்லி, திருக்கடையூருக்குப் பக்கத்தில் திருவிடைக்கழி முருகன் கோயிலுக்குப் போனேன். அங்கே தலவிருட்சம் குரா. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பெரிய மரமாக எதிர்பார்த்துப் போயிருந்தேன். அது அவ்வளவு பெரியதில்லை. கொத்தாக வெளுத்த பூ. மெல்லிய நீண்ட குழாயாக ஒவ்வொன்றும். அரும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, குழந்தைகள் அதைப் பொம்மையாக வைத்து விளையாடியிருப்பார்கள் என்பது புரிந்தது. ஒரு பெயரைச் சரியாக எழுத ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. அப்படியும், குரவப்புலத்தில் குரா நின்றது என்பதை மூன்றாம் பத்தியில்தான் எழுதினேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் தஞ்சைப் பக்கத்துப் பேச்சில் ரகர றகர வேறுபாடு காதில் விழுவதே இல்லை. ஆகவே, ஊராரைக் கேட்டால் போதும் என்று சொல்லிவிட முடியாது. எழுத்தைப் பார்த்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கூடவே நிலத்தையும் கேட்டாக வேண்டும்.

நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவிரிக் கடைமடை என்பது கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. 1802-இல் பரங்கிமலையில் அளவுக்கோடு போட்டு நாட்டை அளக்கத் தொடங்கிய லாம்டன், மலைகள் இருந்த இடத்தில் மலை மேல் ஏறி அளந்தார். தஞ்சைச் சமவெளிக்கு வந்ததும் ஏற மலை இல்லாமல் கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து அவரே அதைச் சரிசெய்தார். இவ்வளவு தட்டையான நாட்டில் ஒரு முழ உயரமும் பெரிய செய்தி. அதனால்தான் இங்கே மேடு, திடல், புலம், பள்ளம், கோட்டகம் என்று ஊர்ப்பெயர்களின் முடிவில் உயரமும் தாழ்வும் ஓயாமல் வருகின்றன. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒரே தரைதான்.

வேதாரண்யம் வட்டாரத்தில் 'புலம்' என்று முடியும் ஊர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தென்னம்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம், குரவப்புலம், தாமரைப்புலம். இவ்வளவு நெருக்கமாக இந்த முடிவை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. புலம் என்றால் வயல், விளைநிலம், இடம் என்று அகராதி சொல்லும். அது போதவில்லை எனக்கு. அப்படியானால் மற்ற ஊர்களிலும் வயல்தானே இருக்கிறது, அவை ஏன் புலம் ஆகவில்லை?

அதற்கு விடை புஷ்பவனத்துக்கு மேற்கே ஒரு கொல்லையில் கிடைத்தது. சித்திரை வெயிலில் சைக்கிள் டயர் மணலில் புதைய, இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பெரியம்மா கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கொல்லை நடுவில் ஒரு குட்டை. ஆள் உயரம்கூட ஆழமில்லை. இரண்டு கையிலும் குடத்தோடு சரிவில் இறங்கி, இரண்டையும் ஒருசேர அமுக்கி மொண்டு, மேலே ஏறி, செடி செடியாக வேரில் சாய்த்துவிட்டு மறுபடி இறங்குவார். குடம் மொள்ளும் சத்தமும் அவர் மூச்சும் தவிர வேறு சத்தமே இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். குட்டைத் தண்ணீரைக் கொடுக்கவில்லை. குட்டையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரமணலைக் கையால் வாரி வாரி வெளியே எறிந்தார். முழங்கை ஆழத்துக்குப் போனதும் குழியின் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து, கலங்கி, மெல்லத் தெளிந்தது. ஒரு தேங்காய்க் கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தார். இனிப்பான தண்ணீர். கடல் அங்கிருந்து ஒரு மைல் இருக்குமோ என்னவோ. அலைச் சத்தம் கேட்டது.

"கடல் பக்கத்துலயே இப்படித் தண்ணியா பெரியம்மா?"

"இது புலம் தம்பி. மேல பேஞ்ச மழை இதுக்குள்ளயே நிக்கும். அந்தப் பனைக்கு அங்கால போனீங்கன்னா பள்ளம். அதுல தோண்டினா உப்பு. மாடுகூட வாய் வக்காது."

பனையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன பள்ளத்துக்கும் கொல்லைக்கும் உயர வேறுபாடு என் இடுப்பளவுகூட இல்லை. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

பிறகு நிலவியல் படித்தவர்கள் விளக்கினார்கள். வேதாரண்யத்து நிலம் கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியதில் பிறந்தது. பின்வாங்கிய ஒவ்வொரு கட்டத்திலும் கரையில் குவித்த மணல் ஒரு வரியாக நின்றுவிட்டது. வரிக்கும் வரிக்கும் நடுவில் தாழ்வான சேற்றுநிலம். வரிகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கடற்கரை. மணல்வரியின் மேல் விழும் மழை உள்ளே இறங்கி, அடியிலுள்ள உப்புநீர் கனமானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அந்த நல்ல தண்ணீரை நம்பித்தான் புகையிலை, முல்லை, மா, தென்னை எல்லாம். நான் ஒரு வரைபடத்தை எடுத்து, 'புலம்' ஊர்களைச் சிவப்பாகவும், 'பள்ளம்', 'கோட்டகம்' ஊர்களை நீலமாகவும் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். சிவப்பு பெரும்பாலும் மணல்வரிகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. கையில் பேனாவோடு அந்தத் தாளின் முன் நின்ற பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் காலடி மணலின் அடியில் எந்தத் தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான் பெயரில் சொல்லியிருக்கிறார்கள். அது தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடனே அடுத்த ஆசை கிளம்பிற்று. கரியாப்பட்டினம், துளசியாப்பட்டினம் என்று கடலிலிருந்து உள்ளே தள்ளி இரண்டு 'பட்டினங்கள்' இருக்கின்றன. பட்டினம் என்றால் கடற்கரை ஊர். கடல் பின்வாங்கியதற்கு ஊர்ப்பெயரே சாட்சி என்று பத்துப் பக்கம் எழுதினேன். நெறியாளர் அதை நீக்கச் சொல்லவில்லை. ஓரத்தில், "கடல் விலகியது எப்போது? இந்தப் பெயர் எப்போது?" என்று இரண்டு கேள்விகள் மட்டும் எழுதியிருந்தார். கடல் விலகிய கணக்கு ஆயிரங்களில் ஓடுவது. ஓர் ஊர்ப்பெயர் அத்தனை காலம் தாங்குமா? கழி வழியாகத் தோணி வந்துபோன வணிக ஊரும் பட்டினம் என்று பெயர் பெறலாமே? நாகப்பட்டினத்திலிருந்து உப்புக்காக வெட்டிய வேதாரண்யம் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்றாலும், இயற்கையான கழிகள் அதற்கு முன்பே இருந்தவைதானே? பத்துப் பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. புலத்தைப் பற்றிய பகுதியை மாற்றச் சொல்லி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

கோடிக்கரைக்கு ஆங்கிலப் படங்களில் 'பாயின்ட் கலிமியர்' என்று பெயர். கோடி என்றால் கடைசி, முனை. நிலத்தின் முனைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. கலிமியர் என்பதைக் கள்ளிமேடு என்பதன் திரிபு என்று சொல்வதுண்டு. கள்ளிமேடு என்ற ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அங்கேயும் ஒரு மேடு என்பதை மட்டும் குறித்து வைத்தேன்.

மூன்றாம் பத்தியை நிரப்ப எனக்கு உதவிய இன்னொருவர் ஒரு பழைய கணக்குப்பிள்ளை. 1980 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்றால் தமிழ்நாடு முழுக்கக் கிராம அதிகாரிகள் வேலை போனபோது வேலை இழந்தவர்களில் அவர் ஒருவர். நான் போனபோது ஏழாண்டு ஆகியிருந்தது. பதிவேடுகளெல்லாம் அரசிடம் போய்விட்டன. தலைக்குள் இருந்ததை யார் பிடுங்க முடியும்? திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அ-பதிவேட்டில் புல எண் இருக்கும், உட்பிரிவு இருக்கும், நஞ்சையா புஞ்சையா என்றிருக்கும், தரம் தீர்வை இருக்கும். நிலத்தின் பெயர் இருக்காது. ஆனால் அந்த ஊரில் ஒருவரும் எண்ணைச் சொல்லி உழப்போவதில்லை. தாழங்கொல்லை, செக்கடித் திடல், ஆனைக்குழி, ஈச்சம்வரப்பு, வண்ணாங்குட்டை, நரிமேடு. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, அதற்குரிய பெயரையும் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. ஒரே ஒரு சின்ன ஊரில் மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். ஊர்ப்பெயரைக் கல்வெட்டு காக்கும், ரயில்வே பலகை காக்கும். கொல்லையின் பெயரை அதில் உழுகிறவன் வாய் ஒன்றுதான் காக்கும். அவன் விற்றுவிட்டுப் போனால் அன்றோடு போயிற்று. 'ஆனைக்குழி' எங்கே என்று ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டேன். பக்கத்துக் கொல்லையோடு சேர்த்துச் சமப்படுத்தி இறால் பண்ணைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் ஆய்வேட்டைவிட அந்த நோட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆயக்காரன்புலத்தில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஊர் பெரிதாகி நாலாகப் பிரிந்தபோது, புதுப்பெயர் தேடிப் போகாமல் முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி, மூன்றாம் சேத்தி, நாலாம் சேத்தி என்றே வைத்துக்கொண்டார்கள். சேத்தி என்றால் இங்கே பகுதி, பிரிவு. வேறு மாவட்டத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். ஆயக்காரன் என்பவன் சுங்கம் வாங்கியவன். அவனும் போனான், சுங்கமும் போயிற்று. கடிதத்தின் மேல் முகவரியாக இன்றைக்கும் அவன் இருக்கிறான்.

2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி அரசாணை வந்தது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதியிருந்தது எல்லோருடைய வாயிலும் அடிபட்டது. எனக்கு அந்த முயற்சியின் நோக்கத்தில் மதிப்பு உண்டு. குரவப்புலத்தைக் குறவப்புலமாக எழுதிய கை இது. ஆங்கிலத்தில் எப்படித் திருத்தி எழுதினாலும் நம் ரகரமும் றகரமும் அதற்குள் நிற்கப்போவதில்லை. அதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது, கொல்லைப் பெயர்களைத் தமிழில் எழுதி ஊராட்சிதோறும் ஒரு நோட்டில் வைக்கச் செலவிடலாமே என்பது என் நெடுநாள் ஆசை. சொல்லித்தர ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

2023 ஏப்ரலில் அகலப்பாதையில் மறுபடி ரயில் விட்டதும், அதில் போவதற்காகவே திருத்துறைப்பூண்டிக்குப் போனேன். பலகைகள் புதியவை. பெயர்கள் அதே வரிசையில் வந்தன. குரவப்புலத்தில் சின்ன 'ர'தான் என்று பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையேறியது. அடுத்த தை மாதம்தான் என்னால் போக முடிந்தது. தென்னம்புலம் என்ற பெயரை உடைய ஊரைச் சுற்றித் தென்னை சாய்ந்து கிடந்தது. மாமரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. வெள்ளப்பள்ளத்தில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. வெள்ளம் பாயும் பள்ளம் என்று முப்பது ஆண்டுக்கு முன்னால் எழுதியிருந்தேன். வெள்ளைப் பள்ளமாகவும் இருக்கலாமே என்று நெறியாளர் அதன் பக்கத்தில் எழுதச் சொல்லியிருந்தார். அவரும் இப்போது இல்லை. அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த இரண்டாவது குறிப்பை அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை.

புஷ்பவனத்துக்கு மேற்கே அந்தக் கொல்லையைத் தேடிப் போனேன். அடையாளப் பனை நின்றிருந்தது. பெரியம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாக அவர் மருமகள் சொன்னார். கொல்லைக்குள் கடல் தண்ணீர் ஏறி வந்து இரண்டு நாள் நின்றிருக்கிறது. முல்லை முழுக்கக் கருகிக் குச்சியாக நின்றது. குட்டை மணலால் தூர்ந்துபோய், பாதி மட்டும் வாரியிருந்தார்கள். நான் யாரென்று சொல்லி, ஒருமுறை இங்கே தண்ணீர் குடித்திருக்கிறேன் என்றதும், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் குட்டையோரம் உட்கார்ந்து மணலை வாரத் தொடங்கினார். மாமியார் செய்த அதே மாதிரி, முழங்கை ஆழம் வரைக்கும். தண்ணீர் கசிந்தது, கலங்கியது, தெளிந்தது. கையில் அள்ளி முதலில் அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எனக்குக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் கரிக்குதுங்க" என்றார். "ரெண்டு மழை பேஞ்சா சரியாயிரும். புலந்தானே."